பழைய காருக்குப் புது ஏர் இன்டேக்: சத்தம் கூடும், பவர் கூடுமா?

சென்னையிலிருந்து திருப்பதிக்குக் காரில் போகிற எல்லாரும் திருத்தணி, புத்தூர் வழியாகப் போவதில்லை. செங்குன்றத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து, தடா, சூலூர்பேட்டை தாண்டி நாயுடுபேட்டை வரை நேராக விட்டு, அங்கே இடதுபக்கம் திரும்பி காளஹஸ்தி வழியாகத் திருப்பதி சேர்கிறவர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். தூரம் கூடுதல்தான், ஆனால் நிம்மதியான ரோடு என்பார்கள்.

அந்த ரோட்டில்தான் பழைய காரின் வயசு தெரியும். உங்க அப்பா 2004-ல் வாங்கிய லான்சரோ, நீங்கள் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் எடுத்த ஃபோர்டு ஐக்கானோ, ஊருக்குள் நன்றாகத்தான் ஓடும். சூலூர்பேட்டை தாண்டி, லோடு லாரி ஒன்றை ஓவர்டேக் பண்ண மிதிக்கும்போது மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். பின்னால் வந்த 1 லிட்டர் டர்போ எஸ்யூவி அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போகும். அன்று ராத்திரி திருப்பதி ஹோட்டல் ரூமில் போனை எடுத்து "ஏர் இன்டேக்" என்று தேட ஆரம்பிப்பீர்கள்.

தேடினால் வருவது தெரிந்ததுதான். பளபளக்கும் அலுமினியக் குழாய், சிவப்புக் கூம்பு ஃபில்டர், கூடவே மூன்று வாக்குறுதிகள்: பவர் கூடும், மைலேஜ் கூடும், அரை மணி நேர வேலை. இதில் எவ்வளவு உண்மை? சத்தம் கூடும் என்பது மட்டும் உறுதி. மற்றதெல்லாம் உங்க இன்ஜின் எங்கிருந்து காற்றை இழுக்கிறது, அந்தக் காற்று எவ்வளவு சூடு, அதில் எவ்வளவு மண் என்பதைப் பொறுத்தது. நாயுடுபேட்டை பக்கம் மே மாதத்தில் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு, அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஜின் உண்மையில் ஒரு காற்று பம்ப்

1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தால், கணக்குப்படி நிமிடத்துக்கு 4500 லிட்டர். நொடிக்கு 75 லிட்டர். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணி கேன்கள் கிட்டத்தட்ட நாலு, ஒரே நொடியில் காலி!

சென்னையிலிருந்து நாயுடுபேட்டை சுமார் 110 கி.மீ. லிட்டருக்கு 15 கொடுக்கிற கார் என்றால் ஏழேகால் லிட்டர் பெட்ரோல் ஆகும். அதை எரிக்கத் தேவையான காற்று, எடைபோட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 75 கிலோ. அதாவது வழி முழுக்க ஒரு ஆளின் எடை அளவுக்கு இன்ஜின் காற்றைச் சாப்பிட்டிருக்கிறது. பெட்ரோலுக்கு ரசீது கிடைக்கிறது, காற்றுக்குக் கிடைப்பதில்லை, அதனால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

இந்தக் காற்று வருகிற வழி: முன்பக்கம் ஹெட்லைட் அல்லது கிரில் அருகே ஒரு வாய், அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய், பல கார்களில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காலி டப்பா, பிறகு பேப்பர் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் ஏர் பாக்ஸ், அதிலிருந்து ரப்பர் ஹோஸ், கடைசியில் த்ராட்டில் பாடி. அந்தக் காலி டப்பாவைப் பார்த்து "இது எதுக்கு, கழட்டிடலாம்" என்று சொல்லாத மெக்கானிக் குறைவு. அதன் பெயர் ரெசனேட்டர். குறிப்பிட்ட சில ஆர்பிஎம்களில் வரும் உறுமலை அமுக்குவது அதன் வேலை. காற்றுக் குழாயின் நீளமும் சும்மா வைத்ததில்லை. சிட்டியில் நீங்கள் அதிகம் ஓட்டுகிற குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை கிடைக்கிற மாதிரி அளந்து வைத்திருப்பார்கள். குட்டைக் குழாயும் கூம்பும் போட்டால் மேலே 5000-க்குப் பக்கத்தில் கொஞ்சம் கிடைக்கலாம், கீழே 2000-ல் கொஞ்சம் போகலாம். நீங்கள் எதில் அதிக நேரம் இருக்கிறீர்கள்?

மைலேஜ் கதை

இதை முதலில் முடித்துவிடலாம், சின்னக் கதை. பெட்ரோல் கார் ஒரே வேகத்தில் போகும்போது த்ராட்டில் பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கும். காற்றைத் தடுத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். ஃபில்டரில் தடை கொஞ்சம் கூடினால் உங்க கால் தானாகவே கொஞ்சம் கூடுதலாக மிதிக்கும். தடை குறைந்தால் கொஞ்சம் குறைவாக மிதிக்கும். இன்ஜினுக்குள் போகிற காற்று அதேதான், பெட்ரோலும் அதேதான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் மோசமாக அடைத்திருந்தபோதும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய காரில்தான் ஃபில்டர் மாற்றியதும் 2 முதல் 6 சதவீதம் வரை வித்தியாசம் தெரிந்தது. ஆனால் இன்னொரு விஷயமும் தெரிந்தது: அடைத்த ஃபில்டரை எடுத்துவிட்டு சுத்தமான ஃபில்டர் போட்டபோது பிக்கப் தெளிவாகவே மேம்பட்டது. கவனியுங்கள், அது புது இன்டேக் இல்லை, சாதாரண புது ஃபில்டர்.

ஆக, இன்டேக் மாற்றி மைலேஜ் கூடியது என்று யாராவது சொன்னால், டயரில் காற்று பிடித்தார்களா, கூடவே பிளக் மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சூட்டுக் கணக்கு

இப்போது பவருக்கு வருவோம். இன்ஜினுக்கு வேண்டியது காற்றின் அளவு இல்லை, அதிலுள்ள ஆக்சிஜனின் எடை. சூடான காற்று விரிந்துவிடும். அதே 75 லிட்டரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும்.

வெளியே 40 டிகிரி. கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் முன்பக்கம் இருப்பதால், ஓடும்போது அது இழுக்கும் காற்று வெளிக்காற்றை விட சில டிகிரிதான் கூடுதல். அதையெல்லாம் கழட்டி, கூம்பு ஃபில்டரை இன்ஜின் பக்கத்திலேயே திறந்து வைத்தால், அது இழுப்பது பானட்டுக்குள் இருக்கும் காற்றை. டோல் கேட்டில் பத்து நிமிடம் நின்றால் அங்கே 65 டிகிரி என்பது சாதாரணம். பக்கத்திலேயே ரேடியேட்டர் ஃபேனும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான். 40 டிகிரி என்பது 313 கெல்வின், 65 டிகிரி என்பது 338. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 0.926. அதாவது காற்றின் அடர்த்தியில் ஏழு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கூடவே, பல கார்களில் உள்ளே வரும் காற்று சூடாக இருப்பதை சென்சார் சொன்னதும், நாக்கிங் வராமல் இருக்க இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். அதிலும் கொஞ்சம் போகும்.

சரி, மறுபக்கம் என்ன லாபம்? நல்ல நிலையில் இருக்கும் ஒரு கம்பெனி ஏர் பாக்ஸும் சுத்தமான பேப்பர் ஃபில்டரும் முழு மிதியில் ஏற்படுத்தும் அழுத்த இழப்பு, பொதுவாக ஒன்றிரண்டு கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் சுமார் 101. அப்படியென்றால் தடையே இல்லாத, கற்பனையான ஒரு ஃபில்டரைப் போட்டாலும் கிடைக்கப்போவது ஒன்று முதல் இரண்டு சதவீதம். 90 குதிரைத்திறன் காரில் ஒன்றோ இரண்டோ குதிரை. அந்த ஒன்றிரண்டைப் பிடிக்கப் போய் ஆறு குதிரையை டோல் கேட்டில் விட்டுவிட்டு வருகிற வேலை இது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பானட்டுக்குள் காற்றோட்டம் வந்து இந்த வித்தியாசம் குறையும். கூம்பைச் சுற்றி நல்ல ஹீட் ஷீல்டு வைத்து, முன்பக்கத்திலிருந்து தனி டக்ட் கொடுத்தால் இன்னும் குறையும். ஆனால் அப்படி டப்பா கட்டி, வாய் வைத்து, குழாய் விட்டு முடித்தபிறகு தள்ளி நின்று பாருங்கள். கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸ் மாதிரியே இருக்கும்.

பின் ஏன் போட்டவர்கள் எல்லாரும் "பிக்கப் செமயா இருக்கு மச்சான்" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ரெசனேட்டரும் டப்பாவும் அமுக்கி வைத்திருந்த இழுப்புச் சத்தம் இப்போது நேராகக் காதுக்கு வருகிறது. மிதிக்க மிதிக்க உறுமல் ஏறினால், கார் வேகமாகப் போகிற மாதிரி மூளை நம்பிவிடும். ஸ்டாப்வாட்ச் நம்பாது.

கொத்தனாரின் டியூப் போதும்

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், விற்பவர் சொல்வதையும் நம்ப வேண்டாம். உங்க காரிலேயே அளந்து பார்க்கலாம். கட்டட வேலையில் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் லெவல் டியூப் தெரியுமில்லையா, ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் அந்தக் கண்ணாடி மாதிரி டியூப் போதும்.

ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸில் ஒரு சின்ன நிப்பிள் வைத்து டியூபை மாட்டுங்கள். மெக்கானிக்கிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. ஒரிஜினல் ஹோஸை ஓட்டை போட மனசில்லை என்றால் பழைய ஹோஸ் ஒன்று தேடிக்கொள்ளலாம். மறுமுனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்து சீட்டில் 'யு' வடிவில் கட்டி, மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். யு-வின் இரண்டு கைகளும் முக்கால் மீட்டராவது உயரம் இருக்கட்டும், தண்ணி இன்ஜினுக்குப் போய்விடக் கூடாது. ஓட்டுவது நீங்கள், தண்ணியைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். இது கண்டிப்பு.

வண்டி இல்லாத நேர் ரோட்டில் இரண்டாவது கியரில் முழுசாக மிதியுங்கள். வேக வரம்பைத் தாண்டாமலே ஆர்பிஎம் மேலே போய்விடும். இரண்டு பக்கத் தண்ணிக்கும் உயர வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர்? வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத் தண்ணிக்குச் சமம். எனவே 10 சென்டிமீட்டர் என்றால் நீங்கள் இழப்பது ஒரு சதவீதம். 20 என்றால் இரண்டு.

30, 40 என்று காட்டினால்? முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். சில நூறு ரூபாய். மறுபடி அளந்து பாருங்கள். புது ஃபில்டருக்குப் பிறகும் அதே அளவு காட்டினால், முன்வாயில் இலையோ, எலி கட்டிய கூடோ இருக்கிறதா பாருங்கள். பழைய கார்களில் இது சிரிப்பதற்கான விஷயம் இல்லை. அதுவும் இல்லையென்றால்தான் உங்க காரின் டிசைனே மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அப்போது இன்டேக் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

99-க்கும் 97-க்கும் நடுவில்

என் கருத்தில், நம்ம ஊரில் இந்த முழு விவகாரத்திலும் முக்கியமான பகுதி இதுதான். கடைக்காரர்கள் பேசாத பகுதியும் இதுதான்.

நாயுடுபேட்டையில் ஸ்வர்ணமுகி ஆறு இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரை விட மணலைத்தான் அதிகம் பார்க்கலாம். அங்கிருந்து காளஹஸ்தி, ரேணிகுண்டா போகிற சாலை நீண்ட காலம் விரிவாக்கப் பணிகளைப் பார்த்தது. ஓரத்தில் இறங்கி ஏறுகிற ஒவ்வொரு லாரியும் ஒரு மண் மேகத்தைக் கிளப்பிவிட்டுத்தான் போகும். அந்த மண்ணில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. உங்க இன்ஜினின் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உரசித் தேய்க்கும் அளவுக்குக் கடினமானது.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. அளவான தூசியை ஊதி, எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97 என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் இரண்டு சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். உள்ளே போவதைப் பாருங்கள்: ஒன்றில் 100 கிராமுக்கு 1 கிராம், மற்றதில் 3 கிராம். மூன்று மடங்கு மண்! காற்று சுலபமாகப் போகிற ஃபில்டர் என்றால் துளைகள் பெரிசு அல்லது மீடியா மெல்லிசு. நல்ல நிறுவனங்கள் எண்ணெய் தடவிய காட்டனை அடுக்கி இதைச் சமாளிக்கின்றன, அவர்கள் சோதனை முடிவுகளையும் வெளியிடுகிறார்கள். ஆன்லைனில் 600 ரூபாய்க்குக் கிடைக்கிற பெயரில்லாத கூம்புக்கு அப்படி எந்தச் சோதனையும் இல்லை. அதன் கழுத்தில் கிளாம்ப் இறுக்கும் இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தாலே ஃபில்டர் இல்லாத மாதிரிதான்.

"ரேஸ் காரில் ஃபில்டரே இருக்காதே?" என்று ஒரு நண்பர் கேட்பார். இதே நெடுஞ்சாலையில் சென்னையை விட்டு வெளியே வந்ததும் வருகிற சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபிறகு எல்லாம் அங்கே போய்விட்டது. பந்தயத்தில் ஓடுகிற இன்ஜினை அடிக்கடி பிரித்து ரிங், பேரிங் எல்லாம் பார்ப்பார்கள். உங்க கார் இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் பிரிக்காமல் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஏற்கெனவே கூம்பு போட்டுவிட்டவர்களுக்கு ஒரு சோதனை: ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஃபில்டரைக் கழட்டி, அதற்குப் பின்னால் உள்ள குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் வந்தால் அது இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது. அன்றைக்கே பழைய ஏர் பாக்ஸை மாட்டிவிடுங்கள்.

பழைய கார் என்பதால் கூடுதலாக நாலு விஷயம்

இருபது வருஷக் காரில் ஏர் பாக்ஸைக் கழட்டுவது, பழைய வீட்டில் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி. பின்னால் என்ன வயர் போகிறது என்று தெரியாது. வால்வ் கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் அந்த ஏர் பாக்ஸிலோ அதன் குழாயிலோதான் சேரும். அதை இன்டேக்கோடு சேர்க்காமல் வெளியே தொங்கவிட்டால் எண்ணெய்ப் புகை பானட்டுக்குள் படியும், ஏசி போட்டால் நாற்றம் உள்ளே வரும், மாசு விதிகளுக்கும் அது எதிரானது. சில கார்களில் ஐடிலிங்குக்கான காற்றும் அங்கிருந்துதான் போகிறது. வெப்ப சென்சாரும் அங்கேதான் குத்தியிருக்கும்.

அடுத்தது, உங்க கார் காற்றை எப்படி அளக்கிறது என்பது. குழாயில் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், குழாயின் விட்டத்தை மாற்றினாலே கணக்கு தப்பும். சென்சாருக்குப் பின்னால் எங்காவது காற்று கசிந்தால், அளக்காத காற்று உள்ளே போய் இன்ஜின் ஐடிலிங்கில் ஏறி இறங்கும். காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகத் தடவினால் அந்த சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து தப்புத் தப்பாகக் காட்டும். நம்ம ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கசிவு இருந்தால் மண் உள்ளே போவது இதிலும் நடக்கும்.

மூன்றாவது எத்தனால். 2025-க்குள் நம்ம பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்பது வழக்கமாகிவிட்டது. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் சுமார் 13.5 போதும். அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார்கள் தாங்களாகவே கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கும், ஆனால் அந்தச் சமாளிப்புக்கு ஒரு எல்லை உண்டு. ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகிற பழைய இசியுவுக்கு, இன்டேக்கில் ஒரு கசிவையும் சேர்த்துக் கொடுத்தால் செக் இன்ஜின் லைட் எரியும்.

நான்காவது, எல்லாவற்றையும் டாங்கிள் மாட்டி போனில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. இந்தியாவில் ஓபிடி கட்டாயமானது 2010-ல் பிஎஸ்-4 வந்தபோதுதான். அடுத்த கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய கார்களில் போர்ட் இருந்தாலும், கடையில் வாங்கும் டாங்கிள் பேசாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

குளிர்ந்த காற்றும் வெள்ளமும்

"அப்போ சூடான காற்று வேண்டாம், ஃபில்டரைக் கீழே பம்பருக்குப் பின்னால் வைக்கிற கிட் வாங்கலாமே?" நல்ல கேள்வி. வெப்பப் பிரச்சினைக்கு அது சரியான பதில்தான். ஆனால் நீங்கள் ஓட்டுவது வங்கக் கடலோரத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு, திருப்பதி மாவட்டத்தின் கடலோரப் பகுதிகளையும் புரட்டிவிட்டுத்தான் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. முழங்கால் தண்ணியில் கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் மேலே இருக்கும். உங்க கூம்பு தண்ணிக்குள் இருக்கும்.

தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போன தண்ணியைப் பிஸ்டன் அமுக்கப் பார்க்கும்போது வளைவது கனெக்டிங் ராட். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் வாங்குவது கஷ்டம், அதற்கென்று இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் வேண்டும். அதைப் பழைய கார்களுக்குக் கொடுக்க கம்பெனிகள் தயங்கும். கிடைத்தாலும், சொல்லாமல் மாற்றிய இன்டேக்கை சர்வேயர் பார்த்துவிட்டால் பேச்சே வேறு. புது இன்ஜின் விலை உங்க காரின் இன்றைய விலையைத் தாண்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

போலீஸ் பிடித்தால்?

2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஆர்சியில் பதிவாகும் விதத்தில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வதும் அதுதான்.

ஆர்சியை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண், சிசி, எரிபொருள், இருக்கைகள் எல்லாம் இருக்கும். ஏர் ஃபில்டர் இருக்காது. எனவே கம்பெனி ஏர் பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் காட்டன் ஃபில்டரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. திறந்த கூம்பு அப்படியில்லை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ரெட்ரோஃபிட்டிங்கையும் சேர்த்தே பேசுகிறது. அதன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் பறிபோகலாம். தடா செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குள் போனாலும் இது மாறாது, மத்திய சட்டம்.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அங்கே மாசு வாரியம் சோதித்து விலக்கு எண் கொடுத்த இன்டேக்கைத்தான் ரோட்டில் ஓடும் காரில் போட முடியும். சில இறக்குமதிப் பெட்டிகளில் அந்த எண்ணை நீங்கள் பார்க்கலாம். நாயுடுபேட்டை சந்திப்பில் நிற்கிற அதிகாரியிடம் அதைக் காட்டிப் பயனில்லை.

இருந்தாலும் ஆசை இருந்தால்

சத்தத்துக்காகப் போடுகிறேன் என்றால் அது நேர்மையான காரணம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். புது பேப்பர் ஃபில்டர், புது பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங், வெடித்த ரப்பர் ஹோஸ் இருந்தால் மாற்றுவது. கூடவே ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரில் ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால், உங்க பிக்கப் போன இடம் அதுதான். வால்வோ ரிங்கோ பார்க்க வேண்டிய இன்ஜினுக்குக் கூம்பு மாட்டுவது, மூச்சிரைக்கிறவருக்கு புது மூக்குத்தி வாங்கிக் கொடுக்கிற மாதிரி. கிளட்ச் நழுவுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதையும் பலர் "இன்ஜின் வீக்" என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் முதல் படி, ஒரிஜினல் டப்பாவுக்குள் போகும் காட்டன் ஃபில்டர். காற்று வரும் வாய் மாறாது, சென்சார் மாறாது, ஹோஸ் எதுவும் தொங்காது. அதன் கிளீனிங் கிட்டையும் சேர்த்து வாங்குங்கள், எண்ணெயைக் குறைவாகத் தடவுங்கள். நம்ம தூசிக்குப் பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டாம், பாதியிலேயே கழுவுங்கள். முழு கிட்தான் வேண்டும் என்றால் பிரீதர் ஹோஸுக்கு இடம் இருக்கிற, ஹீட் ஷீல்டு கூட வருகிற, உங்க மாடலுக்கென்றே செய்த கிட்டாகப் பாருங்கள். மாட்டும் முன்பும் பின்பும் ஒரே ரோட்டில், ஒரே கியரில், ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து 40-லிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு எத்தனை நொடி என்று மூன்று முறையாவது எடுங்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று எடுத்தால் நீங்கள் அளப்பது இன்டேக்கை அல்ல, வெயிலை.

கழட்டிய ஏர் பாக்ஸை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிளிப், ரப்பர் புஷ், ரெசனேட்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி பரணில் வையுங்கள். லான்சருக்கும் ஐக்கானுக்கும் முழு ஏர் பாக்ஸ் தேடி புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கும் நாளில், பானட்டைத் திறக்கச் சொல்லும்போது அது தேவைப்படும்.